உடம்பு தேறும் நாட்களில் எந்தக் கஞ்சி?

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன கையோடு கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். “சத்தானதுதானே மேடம்?” என்பார்கள். சத்தானதுதான். ஆனால் வயிற்று அறுவைக்குப் பிறகு குடல் கொஞ்ச நாள் மந்தமாகவே இயங்கும். அப்போது நார்ச்சத்து மிகுந்த தானியம் கொடுத்தால் உப்புசமும் வலியும்தான் கூடும். முதல் சில நாட்களுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியே சரி. மற்ற நேரத்தில் நான் குறை சொல்லும் அதே அரிசிதான்!

ஜப்பானிய மருத்துவமனைகளில் இதைப் படிப்படியாகக் கொடுப்பார்கள். ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர், அப்புறம் ஏழு, அப்புறம் ஐந்து, கடைசியில் சோறு. வீட்டிலும் இதைச் செய்யலாம்.

ஆனால் வெறும் கஞ்சி போதாது. 30 கிராம் அரிசியைக் காய்ச்சினால் ஒரு பெரிய கிண்ணம் நிறையும். அதில் புரதம் சுமார் 2 கிராம்தான். பெரிய அறுவைக்குப் பிறகு, சிறுநீரகக் கோளாறு இல்லாத 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 90 கிராம் வரை தேவைப்படும். வேளாவேளைக்குக் கஞ்சி குடித்தும் தேறவில்லை என்று வருபவர்களிடம், “கஞ்சியில் வேறென்ன போட்டீர்கள்?” என்று கேட்பேன். பெரும்பாலும் “உப்பு” என்றுதான் பதில் வரும்.

புரதத்தின் ஒரு கூறான லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் தாராளம். எனவே இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவிடுங்கள். சீனாவில் செய்வதுபோல, கொதிக்கும் கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறினால் இன்னும் 6 கிராம் புரதம் கிடைக்கும்.

வயிறு பழகிய பிறகு கேழ்வரகுக்கு வாருங்கள். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முளைகட்டி, உலர்த்தி அரைத்தால், இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும். மாவுச்சத்தை உடைக்கும் நொதியும் பெருகும். கொதி அடங்கிய கெட்டிக் கஞ்சியில் இந்த மாவு ஒரு கரண்டி போட்டுக் கிளறினால் சற்று நேரத்தில் இளகிவிடும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். அதிகம் சாப்பிட முடியாதவருக்கு இது பெரிய உதவி, தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யாமலே குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். வாசனைக்காகக் கருக வறுத்துவிடாதீர்கள், நொதி அழிந்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் குழைந்த அரிசிக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அளவைக் குறைத்து, பருப்பைக் கூட்டுங்கள். பார்லியில் குளூட்டன் என்ற புரதம் உண்டு, அது குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருந்தால் வேண்டாம். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு இரவெல்லாம் வெளியே வைத்த கஞ்சியோ பழைய சோற்று நீராகாரமோ கொடுக்காதீர்கள். அந்தந்த வேளைக்குக் காய்ச்சிக் கொடுங்கள்.