மண்பானைக் குறி எதை அளக்கிறது?

ரங்கநாதன் தெருவில் சோப்பு வாங்குங்கள், பை வாங்குங்கள், அட்டையில் ஒரு பச்சை இலை சிரிக்கும். கேட்டால் "ஈகோ ஃப்ரெண்ட்லி சார்" என்பார் கடைக்காரர். சரி, அளந்து பார்த்தது யார்? பெரும்பாலும் தயாரித்தவரேதான்.

அரசு சோதித்துத் தரும் குறி ஒன்று உண்டு: ஈகோமார்க். 1991-லேயே வந்தது, சின்னம் மண்பானை. ஆனால் கட்டாயமில்லை என்பதால் தயாரிப்பாளர்கள் அதைப் பெரிதாகச் சீண்டவில்லை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு பழைய திட்டத்தை மாற்றிப் புதிய ஈகோமார்க் விதிகளை அறிவித்தது. இப்போதும் விருப்பம் இருந்தால்தான். சோப்பு, பெயின்ட், பேட்டரி, ஜவுளி, தோல், தென்னை நார்ப் பொருள் எனப் பல வகைகளுக்கு இது உண்டு. விண்ணப்பம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும்.

குரோம்பேட்டையில் தைத்த தோல் பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. மூலப்பொருள் என்ன, தோலைப் பதப்படுத்தும்போது கழிவு எவ்வளவு குறைந்தது, பை கிழிந்த பிறகு மறுசுழற்சிக்கு ஆகுமா என்றெல்லாம் கேள்வி வரும். அதற்காகச் சுற்றுச்சூழலை மட்டும் காட்டித் தரத்தில் தப்பிக்கவும் முடியாது. அந்தப் பொருளுக்கான இந்தியத் தர அளவுகோலையும் எட்டியிருக்க வேண்டும்.

அந்தப் பையைத் தைத்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா? அதை மண்பானை சொல்லாது. எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது. தொழிலாளர் நலன், மனித உரிமை பற்றிய கேள்விகள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிறுவனப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் வருகின்றன. பங்குச் சந்தையில் உள்ள, சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். ஆனால் அது நிறுவனத்தின் கணக்கு, ஒரு பையின் கணக்கல்ல. அம்பத்தூரில் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர் அதற்குள் நேரடியாக வரவே மாட்டார்.

அப்புறம் அந்தப் பச்சை இலை. ஆதாரமில்லாமல் 'பசுமை', 'இயற்கை' என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சந்தேகமென்றால் அட்டையைப் படம் எடுத்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 எண்ணுக்குப் போன் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.