மெட்டபொலைட் கழிவு அல்ல

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் போன மாதம் ஞாபகசக்திப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அங்கே கொடுத்த துண்டறிக்கையை எதிர்வீட்டு ஆயா என்னிடம் கொண்டுவந்தார். "இன்னா கண்ணு, ரத்தத்துல கழிவு சேந்தா புத்தி பூடுமாமே? வெறும் வயித்துல சாறு குடிச்சா கழுவிகினு பூடுமா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். 'இரத்தக் கழிவுகளும் மறதிநோயும்' என்று தலைப்பு. கீழே ஐந்து பெயர்கள்: குளுக்கோஸ், கொலஸ்ட்ரால், லாக்டேட், ஹோமோசிஸ்டீன், கிரியாட்டினின். மூலத்தில் மெட்டபொலைட் என்று இருந்ததை மொழிபெயர்த்த யாரோ கழிவு ஆக்கிவிட்டார்கள். இந்தத் தவறு என் கண்ணில் படுவது இது முதல்முறை அல்ல.

சொல்லின் கதை சின்னது. கிரேக்கத்தில் 'மெட்டபொலே' என்றால் மாற்றம். 1839இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் தியோடோர் ஷ்வான் செல்லில் நடக்கும் வேதி மாற்றங்களைக் குறிக்க அதிலிருந்து ஒரு சொல்லை உருவாக்கினார். அந்த மாற்றங்களில் கலந்துகொள்கிற, அவற்றில் உண்டாகிற சிறு மூலக்கூறுகள்தான் மெட்டபொலைட்டுகள். வேரில் மாற்றம் இருக்கிறது, கழிவு இல்லை.

கழிவு என்று எழுதுகிறவர்கள் எங்கிருந்து தொடங்கியிருப்பார்கள் என்று தெரிகிறது. கிரியாட்டினின், யூரியா இரண்டும் கழிவுகளே. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டியவை. 'உப்பு ஏறியிருக்கு' என்று எங்கள் பக்கத்தில் சொல்வது பெரும்பாலும் கிரியாட்டினினைத்தான். அதை வைத்துக்கொண்டு மொத்தக் குடும்பத்துக்கும் கழிவு என்று பெயர் வைத்தால் எப்படி? காசிமேட்டில் விடியற்காலை மீன் வெட்டும் இடத்தில் போய் நின்று பாருங்கள். பலகையில் துண்டும் இருக்கும், தலையும் இருக்கும், சினையும் இருக்கும், செதிலும் இருக்கும். செதில் கழிவு. அதற்காக வஞ்சிரத் துண்டைக் கழிவு என்று சொன்னால் வெட்டுகிற அக்கா சும்மா விடுவாரா?

குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது. அந்த ஆற்றல் பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. மூளையின் சோற்றைக் கழிவு என்று அச்சடித்திருக்கிறார்கள்! லாக்டேட் கதை இன்னும் பொருத்தம். தசை களைக்கும்போது தேங்கும் வேண்டாத பொருள் என்று அறிவியலாரே அதை நெடுநாள் நினைத்திருந்தார்கள். பிறகுதான் இதயமும் மூளையும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்வது தெளிவானது. அறிவியல் கைவிட்ட பிழையை நாம் ஏன் தமிழில் புதிதாகத் தொடங்க வேண்டும்?

ஹோமோசிஸ்டீனும் குப்பை அல்ல. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே செய்துகொள்ளும் இடைநிலைப் பொருள் அது. பி12, ஃபோலேட் என்ற வைட்டமின்களின் உதவியோடு திரும்ப மெத்தியோனினாக மாறும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர்க்காரர்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஃபிராமிங்ஹாம் ஆய்வில் சுதா சேஷாத்ரி குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, லிட்டருக்கு 14 மைக்ரோமோலுக்கு மேல் ஹோமோசிஸ்டீன் இருந்தவர்களுக்கு அல்சைமர் என்ற மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். துண்டறிக்கையிலோ 'ஏற்படுத்தும்' என்று இருக்கிறது. 'தொடர்பு' என்பதும் 'காரணம்' என்பதும் மொழிபெயர்த்தவருக்கு ஒன்றாகிவிட்டது. வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் மறதிநோய் தடுக்கப்படுகிறது என்று இதுவரை உறுதியாகவில்லை. நினைவு, கவனம் போன்றவற்றைக் குறிக்கும் அறிதிறன் என்று எழுத வேண்டிய இடத்தில் 'புத்தி' என்று வேறு போட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஆயா பயந்துபோனார். கழிவு என்றாலே கழுவத் தோன்றும். கழுவுகிறோம் என்று எதையாவது விற்க நாலு பேர் வருவார்கள். மருத்துவத் தாளை மொழிபெயர்க்கிறவர் அகராதியை மட்டும் பார்த்தால் போதாது, ஒரு மருத்துவரிடம் வாசித்தும் காட்ட வேண்டும்.

சரி, தமிழில் என்னவென்று எழுதுவது? நம் பாடநூல்களில் அந்த வேதி மாற்றங்களின் பெயரான மெட்டபாலிசத்துக்கு வளர்சிதை மாற்றம் என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. மூலக்கூறுகளைக் கட்டுவது வளர்மாற்றம், உடைப்பது சிதைமாற்றம். இரண்டும் அந்தப் பெயருக்குள்ளேயே தெரிகின்றன. இலங்கைத் தமிழில் அனுசேபம் என்பார்கள். சுருக்கமான சொல்தான், ஆனால் கேட்டவுடன் பொருள் விளங்குவதில்லை. ஆகவே முதல் முறை வளர்சிதைமாற்றப் பொருள் என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் வளர்சிதைப்பொருள் என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் முடிவு. நீளம் என்று தோன்றினால் மெட்டபொலைட் என்றே எழுதுங்கள். தனித்தமிழில் எனக்குப் பிடிப்பு உண்டு. இருந்தாலும் தவறான தமிழ்ச்சொல்லைவிட அது மேல்.

ஆயாவின் தாளில் தலைப்பிலிருந்த கழிவை அடித்துவிட்டு வளர்சிதைப்பொருள் என்று பேனாவால் எழுதினேன். கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் மட்டும் 'இது கழிவு' என்று குறித்துக் கொடுத்தேன்.