மிகக் குறுகிய பகல் ஒரு நாள், மிகச் சீக்கிர அந்தி வேறொரு நாள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வடகோளத்தில் டிசம்பர் 21 வாக்கில்தான் பகல் மிகக் குறைவு என்கிறார்கள். அப்படியானால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவதும் அன்றைக்குத்தானே? லண்டன் நேரப் பட்டியலில் டிசம்பர் 12 வாக்கிலேயே அது வந்துவிடுகிறது. 21ஆம் தேதி சூரியன் இரண்டு நிமிடம் தாமதமாக அல்லவா மறைகிறது?"

பட்டியலில் பிழை இல்லை. பள்ளியில் படித்தது பாதிக் கதை, அவ்வளவுதான்.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் கோடையில் நீண்ட பகல், குளிர்காலத்தில் குறுகிய பகல். நடுக்கோட்டிலிருந்து விலக விலக வித்தியாசம் கூடும். துருவ வட்டத்துக்கு அப்பால் கோடையில் சில நாட்கள் சூரியன் மறைவதே இல்லை. சரி, இது பகலின் நீளம். அந்தப் பகல் கடிகாரத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்பது வேறு கணக்கு. பகலின் நடுப்புள்ளியான உச்சிவேளை தினமும் ஒரே மணிக்கு வருவதில்லை. விஷயமே இதில்தான் இருக்கிறது.

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் போதும். அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. சூரியனை மறுபடி உச்சிக்குக் கொண்டுவர இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டும். அதற்கு நான்கு நிமிடம். ஆக, 24 மணி. ஆனால் அந்த நான்கு நிமிடம் வெறும் சராசரி.

அது கூடிக் குறைய இரண்டு காரணங்கள். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து, விநாடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஜூலையில் 29.3தான். வேகமாக ஓடும்போது கூடுதலாகத் திரும்ப வேண்டிய கோணமும் கூடுகிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் பார்வையில் சூரியன் நட்சத்திரங்களுக்கிடையே தினமும் ஒரு பாகை கிழக்கே நகர்கிறது, அதுவும் சாய்ந்த பாதையில். மார்ச்சிலும் செப்டம்பரிலும் அந்த நகர்வில் ஒரு பங்கு வடக்கு தெற்காகப் போய்விடும். கடிகாரத்துக்குக் கிழக்குப் பங்கு மட்டுமே கணக்கு. டிசம்பரில் மொத்த நகர்வும் கிழக்கு நோக்கியே. போதாததற்கு, அப்போது சூரியன் வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் கற்பனை செய்யும் கோடு) விட்டு 23.4 பாகை தள்ளி நிற்கிறது. ஆரஞ்சுச் சுளைகள் முனையை நோக்கிக் குறுகுவதுபோல அங்கே வானத்துத் தீர்க்கரேகைகள் நெருங்கியிருக்கும். அதே தூரம் நகர்ந்தாலும் அதிக ரேகைகளைத் தாண்டுகிறது.

டிசம்பரில் இரண்டும் கைகோப்பதால், உச்சிவேளையிலிருந்து உச்சிவேளை வரை 24 மணி 30 விநாடி ஆகிறது. செப்டம்பர் நடுவிலோ 24 மணிக்கு 20 விநாடி குறைவு. விநாடிகள்தானே என்று விட முடியாது. சேர்ந்து சேர்ந்து, நவம்பர் தொடக்கத்தில் உச்சிவேளை சராசரியைவிட 16 நிமிடம் முந்துகிறது. பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்துகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு குச்சியை நட்டு, வாரம் ஒருமுறை கடிகாரத்தில் சரியாக ஒரே நேரத்தில் நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். ஓராண்டில் நீண்டு மெலிந்த 8 தரையில் உருவாகிவிடும். தொலைநோக்கிக்கு நிதி வரட்டும் என்று காத்திருக்கும் பள்ளிகள் இதை முதலில் செய்யலாம் என்பது என் கட்சி.

இப்போது லண்டன். டிசம்பர் நடுவில் பகல் குறைவது அநேகமாக நின்றுவிடுகிறது. உச்சிவேளை மட்டும் தினமும் அரை நிமிடம் பின்னால் போகிறது. அதனால் அந்தி 12ஆம் தேதியோடு திரும்பிவிட, உதயம் ஆண்டின் கடைசிவரை தாமதமாகிக்கொண்டே போகிறது. நடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பகலின் நீளம் அதிகம் மாறாது. ஆட்டம் முழுக்க உச்சிவேளையின் கையில். வடக்கே 13 பாகையில் மிகச் சீக்கிர அந்தி நவம்பர் 20 வாக்கிலேயே வந்துவிடும். சிங்கப்பூரில் நவம்பர் தொடக்கத்து அந்திக்கும் பிப்ரவரி நடு அந்திக்கும் அரை மணி வித்தியாசம். பருவத்துக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடலாம். தென்கோளத்துக் குளிர்காலமான ஜூனில் இரண்டு காரணங்களும் எதிரெதிராக இழுப்பதால் இந்த விலகல் சிறியது.

மற்றவை எளிது. ஒரே நேர மண்டலத்துக்குள் மேற்கே ஒரு பாகை போனால் உச்சிவேளை நான்கு நிமிடம் தள்ளிப்போகும். சீனா முழுக்க ஒரே நேரம் என்பதால், மேற்குக் கோடியிலுள்ள காஷ்கரில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு 10 மணி தாண்டிவிடுகிறது. உயரமும் சேரும்: 2011 ரமலானில், துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 80ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் பொறுத்தே நோன்பு திறக்க வேண்டும் என்று அந்நகரின் மார்க்க அறிஞர் சொன்னார். மேலே இருப்பவர்களுக்கு அடிவானம் தாழ்ந்திருப்பதால், கீழே மறைந்த சூரியன் அவர்கள் கண்ணுக்கு இன்னும் மறைந்திருக்காது.