அமெரிக்க மாற்றுத்திறனாளி உதவித்தொகை: நிறுத்தி வைப்பது வேறு, ரத்து வேறு

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசுத் துறையிடம் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்கள் பலர், சின்ன வேலை கிடைத்தால்கூடப் போகத் தயங்குவார்கள். நாளைக்கே உடம்பு ஒத்துழைக்காமல் வேலையை விட வேண்டி வந்தால், பணமும் இல்லாமல் மருத்துவக் காப்பீடும் இல்லாமல் நிற்போமோ என்ற பயம். விதிகளைப் பார்த்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மாதக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், நம் கையில் இருப்பது எந்தத் திட்டம்? வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் வரி பிடித்து, அந்தக் கணக்கில் வருவது எஸ்.எஸ்.டி.ஐ. அதற்கு மெடிகேர். வருமானமும் சொத்தும் குறைவு என்பதால் வருவது எஸ்.எஸ்.ஐ. அதற்குப் பெரும்பாலும் மெடிகெய்ட். மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும் அரசு மருத்துவக் காப்பீடுகள். இரண்டு உதவித்தொகைகளுக்கும் விதிகள் முற்றிலும் வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல்.

எஸ்.எஸ்.டி.ஐ.யில் முதலில் 9 மாதம் 'ட்ரையல் வொர்க் பீரியட்', அதாவது வேலை செய்து பார்க்கும் காலம். எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை முழுதாக வரும். இந்த 9 மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, 60 மாதங்களுக்குள் சிதறிக் கிடந்தாலும் கூட்டிவிடுவார்கள். 2025 கணக்குப்படி 1,160 டாலருக்கு மேல் சம்பாதித்த மாதமெல்லாம் இதில் ஒன்று. பிடித்தம் போகக் கைக்கு வருவதை அல்ல, மொத்தச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள்.

அது முடிந்ததும் 36 மாதம் தொடங்கும். இதில் சம்பளம் வரம்பைத் தாண்டிய மாதங்களில் பணம் நிற்கும், தாண்டாத மாதங்களில் வரும். நீங்கள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்தக் காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் உதாரணம். ஒருவருக்கு ஒன்பதாவது மாதம் 2024 டிசம்பரில் முடிகிறது. 2025 ஜனவரியில் 2,000 டாலர் சம்பாதிக்கிறார். அந்த ஆண்டின் மாதச் சம்பள வரம்பு 1,620 டாலர் (பார்வையற்றவர்களுக்கு 2,700). வரம்பைத் தாண்டிய முதல் மாதமும் அடுத்த இரண்டு மாதமும் சலுகை என்பதால் மார்ச் வரை பணம் வரும். ஏப்ரலில் நிறுத்தி வைப்பார்கள். செப்டம்பரில் வேலை நேரம் குறைந்து 1,400 டாலர்தான் வந்தது என்றால், செப்டம்பருக்கு உதவித்தொகை மறுபடி உண்டு. புது விண்ணப்பம் வேண்டாம், தகவல் சொன்னால் போதும். இதுதான் நிறுத்தி வைப்பு. பெயர் அப்படியே பதிவில் இருக்கிறது, குழாயை மட்டும் மூடியிருக்கிறார்கள்.

2027 டிசம்பரோடு அந்த 36 மாதம் முடிகிறது. அதன் பிறகு வரம்பைத் தாண்டிச் சம்பாதிக்கும் முதல் மாதத்தில் தகுதியே ரத்து. அப்போதும் ஒரு கதவு உண்டு: 'எக்ஸ்பிடைட்டட் ரீஇன்ஸ்டேட்மென்ட்', அதாவது உதவித்தொகையை விரைவாக மறுபடி தொடங்கும் முறை. ரத்தான 60 மாதத்துக்குள், அதே நோயாலோ அதோடு தொடர்புடைய நோயாலோ அந்த அளவுக்கு வேலை செய்ய முடியவில்லை என்றால் கேட்கலாம். அவர்கள் முடிவெடுக்கும் வரை 6 மாதம் வரை தற்காலிகப் பணம் தருவார்கள். கடைசியில் மறுத்தாலும் பொதுவாக அதைத் திருப்பிக் கேட்பதில்லை. புதிதாக விண்ணப்பித்துக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மெடிகேர் இந்தப் பணக் கணக்கோடு சேர்ந்து போவதில்லை. ஊனம் நீடிக்கும் வரை, ட்ரையல் மாதங்கள் முடிந்தபின் குறைந்தது 93 மாதம் பார்ட் ஏ (மருத்துவமனைக் காப்பீடு) பிரீமியம் இல்லாமலே தொடரும். ஆள் கோட்டை விடுகிற இடம் பார்ட் பி (டாக்டர் செலவுக்கான காப்பீடு). உதவித்தொகை வந்தவரை பிரீமியத்தை (2025-இல் மாதம் 185 டாலர்) அதிலிருந்தே கழித்துக்கொண்டிருந்தார்கள். பணம் நின்றதும் பில் தனியாகத் தபாலில் வரும், வழக்கமாக மூன்று மாதத்துக்குச் சேர்த்து. விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போட்டால் பார்ட் பி போய்விடும்.

எஸ்.எஸ்.ஐ.யில் கதை வேறு. சம்பளத்தில் 85 டாலரைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியைத்தான் கழிப்பார்கள். வேறு வருமானம் இல்லாத ஒருவர் 1,000 டாலர் சம்பாதித்தால், 2025-இன் முழு மாதத் தொகையான 967 டாலரில் அவருக்கு 509.50 வரும். சம்பளம் கூடிப் பணம் பூஜ்யமானாலும், மாநில வரம்புக்குள் இருந்து மெடிகெய்ட் தேவைப்பட்டால் 1619(பி) என்ற பிரிவின்கீழ் காப்பீடு தொடரும். வேறு காரணத்தால், உதாரணமாக வங்கியில் 2,000 டாலருக்கு மேல் சேர்ந்து, நிறுத்தி வைத்தால் 12 மாதம்தான் அவகாசம். அதற்குள் சரியாகாவிட்டால் முதலிலிருந்து விண்ணப்பம். 2,000 என்ற இந்த வரம்பு 1989-இலிருந்து மாறவே இல்லை. அன்றைய 2,000-க்கு இன்று என்ன மதிப்பு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: எஸ்.எஸ்.ஐ. வாங்குகிறவர் பேத்தி கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய் ஆறு வாரம் தங்கினால் பணம் நிற்கும். 30 நாள் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டால், திரும்பி வந்து 30 நாள் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்த பிறகே மறுபடி தகுதி.

அப்புறம், உடல்நிலை தேறிவிட்டது என்று சொல்லி நிறுத்தும் கடிதம். மேல்முறையீட்டுக்கு 60 நாள் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. முடிவு வரும்வரை பணம் தொடர்ந்து வர வேண்டுமென்றால் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் அதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து ஐந்தாம் நாள் கைக்கு வந்ததாகக் கணக்கு. தோற்றால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம் என்பதையும் யோசித்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.