பனியூர்தி, அடிப்பு, உலர் எடை: ஒரு வண்டியைப் பற்றிப் பேச மூன்று சொற்கள்

ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே சட்பரியில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சென்ற குளிர்காலத்தில் இரண்டு விளக்கத்தாள்களை அனுப்பியிருந்தான். ஒரே நிறுவனம் செய்த இரண்டு ஸ்னோமொபைல்கள், அதாவது முன்னால் சறுக்குக் கட்டைகளும் பின்னால் சுழலும் பட்டையும் கொண்டு பனியில் ஓடும் வண்டிகள். இரண்டிலும் எஞ்சின் அளவு ஏறத்தாழ 600 சி.சி. ஒன்றின் திறன் 125 குதிரைத்திறன். மற்றொன்றுக்கு அறுபதைச் சற்றே தாண்டியிருந்தது. எடையோ திறன் குறைந்த வண்டிக்குத்தான் கூடுதல். "அண்ணா, இது அச்சுப்பிழையா?" என்று கேட்டிருந்தான்.

அச்சுப்பிழை இல்லை. முதல் வண்டியில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின், இரண்டாவதில் ஃபோர் ஸ்ட்ரோக். இதைத் தமிழில் விளக்கி எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். வண்டியின் பெயர், ஸ்ட்ரோக், விளக்கத்தாளில் எடைக்கு முன்னால் நின்ற 'டிரை' என்ற சொல், இந்த மூன்றுக்கும் ஐயமின்றி எழுதத்தக்க தமிழ்ச்சொல் என் கையில் இல்லை. அவனுக்கு எழுதிய பதிலின் விரிவுதான் இது.

வண்டியின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஆட்டோமொபைல் என்ற சொல்லில் கிரேக்கத்தின் 'தானே' என்ற பொருளும் லத்தீனின் 'நகரக்கூடியது' என்ற பொருளும் ஒட்டியிருக்கின்றன. அதன் முன்பாதியை வெட்டிவிட்டு 'ஸ்னோ'வை ஒட்டியதுதான் ஸ்னோமொபைல். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃபோர்டு கார் விற்றுவந்த விர்ஜில் ஒயிட் என்பவர், மாடல் டி காரின் முன் சக்கரங்களைக் கழற்றிச் சறுக்குக் கட்டைகளைப் பொருத்தவும் பின்னால் பட்டை மாட்டவும் ஓர் இணைப்பை உருவாக்கினார். அவர் அதற்கு வைத்த பெயர் இது. அன்றைக்கு அந்தச் சொல்லின் பொருள் 'பனியில் ஓடும் கார்'. இன்று நாம் படங்களில் பார்க்கும், ஒருவர் கால்களை அகட்டி அமர்ந்து ஓட்டும் வண்டி அல்ல.

பெயர் பெரிய வண்டியிலிருந்து சிறிய வண்டிக்கு இறங்கி வந்த வரலாறு முழுவதும் எடையின் வரலாறுதான். கியூபெக் மாகாணத்தின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே 1922இல், தம் பதினைந்தாம் வயதில், பழைய ஃபோர்டு எஞ்சினையும் விமான விசிறியையும் சறுக்கு வண்டி மீது ஏற்றி ஓட்டிக் காட்டினார். அவர் மனத்தில் இருந்தது ஒருவர், இருவர் செல்லும் சிறிய வண்டி. ஆனால் அக்கால எஞ்சின்கள் அதற்கு மிகவும் கனமானவை. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் அழற்சியால் இறந்தான். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. அதன்பின் அவர் செய்த வண்டிகள் மருத்துவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் தபாலையும் ஏற்றிச் சென்ற பெரிய வண்டிகள். ஏழு பேர், பன்னிரண்டு பேர் அமரக்கூடியவை. எடை குறைந்த எஞ்சின் கைக்கு எட்டிய பிறகே, 1959இல், அவருடைய இளமைக் கனவு 'ஸ்கி-டூ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ரோசோ என்ற சிற்றூரில் 1956இல் போலாரிஸ் நிறுவனத்தார் செய்து முடித்த முதல் விற்பனை வண்டி ஏறத்தாழ 450 கிலோ. இன்று மலைப்பகுதிக்கென்று செய்யப்படும் வண்டிகள் 200 கிலோவை ஒட்டி நிற்கின்றன.

பிற மொழியினர் இந்த வண்டியை எப்படி அழைக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கு வழி கிடைக்கும். கியூபெக் பிரெஞ்சில் இது 'மோட்டோநேஜ்', பனி மோட்டார். ஃபின்லாந்தில் 'மோட்டார் சறுக்குவண்டி' என்று பொருள்படும் சொல். சுவீடனில் பனி ஸ்கூட்டர். ரஷ்யர்கள் 'ஸ்னெகஹோத்' என்கிறார்கள்; பனியில் செல்வது என்று பொருள். அலாஸ்காவில் வெறும் 'பனி இயந்திரம்'. பலரும் தமக்கு முன்பே பழகிய வண்டியின் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் பனி உந்து, பனிச்சறுக்கு வண்டி, பனியூர்தி ஆகிய மூன்றையும் எழுதலாம். பனிச்சறுக்கு வண்டி எனக்கு ஏற்புடையதல்ல; இந்த வண்டியின் முன்பகுதி மட்டுமே சறுக்குகிறது, அதை ஓடச் செய்வது பின்னாலுள்ள ரப்பர்ப் பட்டை. பனி உந்து தவறில்லை, ஆனால் மகிழுந்தின் தம்பிபோல ஒலிக்கிறது. பழைய 'பனிக் கார்' பொருளுக்கே அது திரும்பிப் போகிறது. பனியூர்திதான் என் தேர்வு. 'ஊர்' என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள்: தரையோடு ஒட்டி நகர்வது ஒன்று, ஒன்றின் மீது ஏறிச் செல்வது மற்றொன்று. பாம்பும் ஊர்கிறது, சிவிகையில் அமர்ந்து செல்பவனையும் வள்ளுவர் 'ஊர்ந்தான்' என்கிறார். பட்டையால் பனியைப் பற்றி நகரும், குதிரைமேல் அமர்வதுபோல் அமர்ந்து செலுத்தும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. பனி என்றால் மார்கழிப் பனியும் ஆகுமே என்று கேட்கலாம். உறைபனி என்று எழுதினால் உதகைப் புல்வெளியில் விடியலில் படியும் உறைபனியோடு குழம்பும். பனிப்பொழிவு, பனிமலை என்று நாளிதழ்கள் எழுதும்போது யாரும் மயங்குவதில்லை, பனியூர்தியிலும் மயங்கமாட்டார்கள்.

இனி ஸ்ட்ரோக். ஆங்கிலத்தில் இது அடித்தலைக் குறிக்கும் வினையோடு பிறந்த சொல். துடுப்பு வலிப்பது, நீச்சலில் கை வீசுவது, தூரிகையின் ஒரு தீற்றல், பக்கவாதம் என்று பல பொருள்களைச் சுமக்கிறது. எஞ்சினில் அதன் பொருள் மிகவும் எளிது: சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் ஒரு பயணம். மேலிருந்து கீழே ஒன்று, கீழிருந்து மேலே ஒன்று. டூ ஸ்ட்ரோக் என்றால் இரண்டு பிஸ்டன் என்றும் இரண்டு சிலிண்டர் என்றும் நினைப்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அப்படியல்ல. எரிபொருளை உள்ளே வாங்கி, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளும் முழுச் சுற்றை முடிக்கப் பிஸ்டனுக்கு எத்தனை பயணம் தேவை என்பதே அந்த எண்.

1876இல் நிக்கொலாஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டிய எஞ்சினில் நான்கு பயணம். பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை தீப்பற்றும். ஸ்காட்லாந்தின் டுகல்டு கிளார்க் அதே காலகட்டத்தில் இரண்டே பயணத்தில் சுற்றை முடிக்கும் எஞ்சினைச் செய்தார். ஜோசஃப் டே என்பவர் 1891 வாக்கில் அதை இன்னும் எளிமையாக்கினார்: பிஸ்டனின் அடிப்பக்கத்தையே பம்பாகப் பயன்படுத்தி, வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டரின் பக்கச்சுவரில் துளைகளை வைத்தார்.

அந்தத் துளைகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனெனில் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கின்றன. தீப்பற்றி வெடித்ததும் பிஸ்டன் கீழே பாய்கிறது. பாதி வழிக்குமேல் போனதும் புகைத்துளை திறக்கிறது. எரிந்த வாயு வெளியே சீறுகிறது. இன்னும் சிறிது இறங்கியதும் எதிர்ப்பக்கத் துளைகள் திறந்து புதிய காற்றும் பெட்ரோலும் உள்ளே நுழைகின்றன. இப்போது இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. புதிதாக வந்ததில் ஒரு பகுதி, எரியாமலேயே, புகையோடு வெளியே ஓடிவிடுகிறது. காற்றையும் பெட்ரோலையும் வெளியிலேயே கலந்து அனுப்பும் பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் இந்த இழப்பு கால் பங்கு வரை போகும். பனியூர்தியின் முன்மூடியைத் திறந்தால் தெரியும் அந்தப் பருத்த, நடுவில் வீங்கி முனையில் ஒடுங்கிய புகைக்குழாய் வெறும் சைலன்சர் அல்ல. அதன் ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே ஓடியதில் கொஞ்சத்தைத் துளை மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடும். குழாயின் நீளத்தை எஞ்சினின் வேகத்துக்குப் பொருத்தமாக அளந்து செய்கிறார்கள். இரும்புத் தகட்டில் செய்த இவ்வளவு அழகான கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

துளைகளே வாசலாக இருப்பதால் வால்வு இல்லை, வால்வைத் திறந்து மூடும் கேம் தண்டு இல்லை, அதை ஓட்டும் சங்கிலி இல்லை, அடியில் எண்ணெய்த் தொட்டியும் இல்லை. எடை குறைகிறது. அதோடு கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு. ஒரே சி.சி.யில் இரண்டு மடங்கு திறன் என்று தம்பியின் விளக்கத்தாளில் இருந்ததற்குக் காரணம் இதுவே. கிராங்க் தண்டு சுழலும் அறையில் எண்ணெய் தங்காததால் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து நீலப்புகையாகப் போகிறது. பெட்ரோல் நிலையத்தில் டூ டி ஆயில் கலந்து வாங்கி மொபெட் ஓட்டியவர்களுக்கு அந்த மணம் மறக்காது.

நாலு பயண எஞ்சினில் ஒவ்வொரு வேலைக்கும் தனி நேரம் உண்டு. வாசல்கள் முறையாக மூடித் திறக்கின்றன. எரிபொருள் வீணாவதில்லை, எண்ணெய் எரிவதில்லை, ஒலி தணிவு, ஆயுள் நீளம். முடுக்கியை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும்; டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. இந்த நன்மைகளுக்கான விலை எடையில் வசூலாகிறது. நெடுந்தொலைவுப் பயணத்துக்கான ஃபோர் ஸ்ட்ரோக் பனியூர்திகள் சாதாரணமாக 260 முதல் 300 கிலோ, சில அதற்கும் மேல். முதலில் வந்த ஸ்கி-டூவில் இருந்தது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்தான் என்பதையும், ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்து டூ ஸ்ட்ரோக் 1960களின் தொடக்கத்தில்தான் அந்த இடத்தைப் பிடித்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யமஹா 2003 மாடலாக 1000 சி.சி.யை ஒட்டிய நான்கு சிலிண்டர் வண்டியை இறக்கியபோது எல்லாரும் அதைப் புதுமை என்றார்கள். ஒரு வகையில் அது தாய்வீடு திரும்பியது.

ஐம்பது அறுபது கிலோ கூடுவது சாலை வண்டிக்குப் பெரிதல்ல. பனியில்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டையின் அகலம் 38 செ.மீ., தரையைத் தொடும் நீளம் ஏறத்தாழ 1.6 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 6,000 சதுர செ.மீ. வண்டியும் ஆளும் சேர்ந்து 300 கிலோ என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 50 கிராம். எண்பது கிலோ மனிதர் ஒற்றைக்காலில் நின்றால் சதுர செ.மீ.க்கு 400 கிராம். அதனால்தான் வண்டி மிதக்கும் இடத்தில் ஓட்டியவர் இறங்கியதும் இடுப்புவரை புதைகிறார். 60 கிலோ கூடினால் 50 கிராம் 60 ஆகிறது. உருட்டிச் சமன்செய்த தடத்தில் இது தெரியாது. மலையில், நேற்றிரவு விழுந்த தூள்பனியில், அந்தப் பத்துக் கிராம்தான் மிதப்பதற்கும் குழி பறிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. கூடிய எடை முன்பக்கம் எஞ்சின் இருக்கும் இடத்தில் உட்கார்வதால் சறுக்குக் கட்டைகள் கீழ்நோக்கிக் குத்துகின்றன. புதைந்த வண்டியின் பின்பக்கத்தைக் கையால் தூக்கிப் பக்கவாட்டில் வைத்துத்தான் மீட்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கிலோவும் முதுகில் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் ஓட்டுபவர்கள் டூ ஸ்ட்ரோக்கை விடாததற்கும், ஒன்டாரியோவின் தடங்களில் நாளெல்லாம் ஓட்டுபவர்கள் பலர் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியதற்கும் இதுவே காரணம். சட்பரியில் இருப்பவனுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொன்னேன்.

காற்றின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மேற்கு வாயிலில் டூ ஸ்ட்ரோக் பனியூர்திகள் வரிசையில் நின்று கக்கிய புகையால், சீட்டு கொடுக்கும் ஊழியர்களின் அறைக்குள் குழாய் வழியே நல்ல காற்றைச் செலுத்த வேண்டிய நிலை வந்தது. 2000களில் அங்கே புகையும் ஒலியும் குறைந்த வண்டிகளுக்கே இடம் என்று ஆக்கினார்கள். நடைமுறையில் அது பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். பிறகு டூ ஸ்ட்ரோக்கும் திருந்தியது. புகைத்துளை மூடும் தறுவாயில் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் முறை வந்ததால் எரியாமல் ஓடும் பங்கு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இப்போது தமிழ்ச்சொல். வீச்சு, அடிப்பு இரண்டும் வழங்குகின்றன. நான் பல ஆண்டுகள் 'இரு வீச்சு, நான்கு வீச்சு' என்றே எழுதினேன். ஒலிக்கு இனிமை, தூரத்தையும் குறிக்கும். இப்போது கைவிட்டுவிட்டேன். நம் இயற்பியல் பாடநூல்களில் வீச்சு என்பது அலைவின் நடுநிலையிலிருந்து விளிம்புவரையுள்ள தூரம். பிஸ்டன் செய்வதும் அலைவுதான். ஆனால் அதன் ஸ்ட்ரோக் விளிம்பிலிருந்து விளிம்புவரை, அதாவது இயற்பியல் வீச்சைப்போல் இரண்டு மடங்கு. ஒரே வகுப்பில் ஒரே மாணவர் ஒரே சொல்லை இரண்டு அளவுகளுக்குக் கற்றால் விடை பாதியாகப் பிழைக்கும்.

அடிப்பு என்றால் எதையோ மோதுவதுபோல் இருக்கிறது என்பார்கள். சிறகடிப்பை நினைத்துப் பாருங்கள். பறவை எதன் மீதும் மோதுவதில்லை. மேலும் கீழும் சீராக அசைகிறது. பிஸ்டன் செய்வதும் அதே. ஜெர்மன் மொழியில் இதற்கு 'டாக்ட்' என்கிறார்கள். இசையில் தாளத்தைக் குறிக்கும் அதே சொல். நாமும் தாளத்தை அடியால்தான் எண்ணுகிறோம். பயணத்தின் தூரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அடிப்பு நீளம்' என்று எழுதினால் போதும். 'ஈரடி எஞ்சின்' என்று சுருக்கக் கூடாது. ஈரடி என்றதும் நம் காதில் குறள் வெண்பா வந்து நிற்கும், இல்லையென்றால் அளவுகோல்.

மூன்றாவது சொல்லில் தகராறு அதிகமில்லை. விளக்கத்தாளிலுள்ள எடை பெட்ரோல், எண்ணெய், குளிர்நீர் எதுவுமின்றி நிறுத்தது. எடைமேடையில் லாரிக்கு எழுதும் 'காலி எடை' இதற்கு ஆகாது, லாரி டீசலோடுதான் மேடையேறுகிறது. 'உலர் எடை' என்பது நேரான, தெளிவான சொல். அதற்கு எதிர்ச்சொல்லாக 'ஈர எடை' என்று மொழிபெயர்ப்பதைவிட 'ஓடுநிலை எடை' என்பது நல்லது. நாற்பது லிட்டர் தொட்டி நிறைந்தால் பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 30 கிலோ. எண்ணெயும் குளிர்நீரும் சேர்ந்து, அடித்தகட்டில் பனி உறைந்து ஒட்டிக்கொண்டால், 200 கிலோ என்று அச்சிட்ட வண்டி மதியத்துக்குள் 240 கிலோவைத் தாண்டியிருக்கும். உலர் எடையை மட்டும் ஒப்பிட்டு வண்டி வாங்குபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது ஈரடிப்பு எஞ்சின், நாலடிப்பு எஞ்சின் என்று எழுதுகிறேன். நான்கடிப்பு என்பதும் சரியே. பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: ஈரடிப்புப் பனியூர்தி. தம்பிக்கு அனுப்பிய கடைசி வரி இது: "உனக்கு ஏற்றது 600 சி.சி. நாலடிப்புப் பனியூர்தி, ஓடுநிலை எடை எவ்வளவு என்று கடையில் கேட்டுவிட்டுப் பணம் கட்டு."