சாவியைக் கீழே வையுங்கள், ஸ்ப்ரேயை எடுங்கள்

போன வாரம் ஒரு நாலு வயதுப் பையனின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். சாவியின் பற்கள் பதிந்து சிவந்திருந்தது. ப்ளே ஸ்கூலில் வலிப்பு வந்ததும் சாவிக்கொத்தைக் கையில் வைத்து இறுக்கி மூடியிருக்கிறார்கள். அது பீரோ சாவி. அந்தப் பீரோவுக்குள்தான், வலிப்பை நிறுத்த நான் எழுதிக்கொடுத்த மிடசோலம் மருந்து, மூக்கு ஸ்ப்ரே, சீல்கூட உடைக்காமல் இருந்தது. அம்மா வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேர 40 நிமிடம். அப்புறம் இரண்டு நாள் ஐசியூ.

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது பிள்ளை இவன். அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

இரும்பு வலிப்பை நிறுத்தாது. "சாவி கொடுத்ததும் நின்றதே டாக்டர்" என்பீர்கள். நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துவந்து கையில் திணிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் வலிப்பு தானாக நிற்கும், பேர் மட்டும் சாவிக்கு. வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும். "கொடுத்தால் என்ன கெடுதல்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறதே, அதுதான் கெடுதல். அதற்கப்புறம் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. நேரம் போகப்போக மருந்துக்கும் அடங்காது. (ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் போனில் வீடியோ எடுத்தால் எனக்குப் பெரிய உதவி. நேரமும் அதில் பதிவாகிவிடும்.)

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர், சோடா எதுவும் கூடாது. 5 நிமிடமானதும், அல்லது மருந்துச் சீட்டில் அதற்கு முன்பே என்று எழுதியிருந்தால் அப்போதே, ஸ்ப்ரே. புதுப் பாட்டில் என்றால் சாரல் வரும்வரை காற்றில் அழுத்திவிட்டு அப்புறம் மூக்கில். பிள்ளை மூச்சை இழுக்கத் தேவையில்லை, மூக்கின் உள்தோலே உறிஞ்சிக்கொள்ளும். கையோடு 108-ஐ அழையுங்கள். மருந்துக்குப் பின் தூங்கும், தூங்கட்டும். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்.

"மூச்சு நின்றுவிட்டால் பழி எங்கள் மேல் அல்லவா" என்றார் ஒரு மிஸ். பயம் புரிகிறது. ஆனால் சரியான அளவு மருந்தைவிட, நிற்காத வலிப்புதான் மூச்சை அதிகம் கெடுக்கும்.

அந்தச் சரியான அளவு பெற்றோர் பொறுப்பு. கிலோவுக்கு 0.2 மி.கி. என்று கணக்கிட்டுத்தான் எழுதுகிறோம். 15 கிலோப் பிள்ளைக்கு 3 மி.கி. ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. வரும் பாட்டிலில் அது ஒவ்வொரு மூக்குத் துளைக்கும் மூன்று, மொத்தம் ஆறு அழுத்தல். ஒரு அழுத்தலுக்கு 1.25 மி.கி. வரும் பாட்டிலும் கடையில் உண்டு. அதை வாங்கிவந்து அதே ஆறு அழுத்தல் கொடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். பாட்டிலைச் சீட்டோடு ஒப்பிடாமல் கடையை விட்டு நகராதீர்கள். போன ஜூனில் 13 கிலோ இருந்த பிள்ளை இந்த ஜூனிலும் 13 கிலோவா இருக்கும்? எடை பார்த்து அளவை மாற்றி எழுதி வாங்குங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

வலிப்பு வரும் என்று சொன்னால் பள்ளியில் சீட் கிடைக்காது என்று மறைக்கிறவர்களைத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள் அம்மா. பையின் அடியில் ஸ்ப்ரேயை ஒளித்துவைத்தால், அது அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?

பள்ளி நடத்துகிறவர்களே, ஸ்ப்ரேயைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், பூட்டில்லாத இடத்தில், சீட்டின் நகலோடு வையுங்கள். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். கூப்பிட்டால் நானே வந்து காட்டுகிறேன். அன்றைக்கு ஆயாம்மாவையும் உட்கார வையுங்கள். மிஸ் லீவு போட்ட நாளிலும் வகுப்பில் இருப்பவர் அவர்தான்.