திருத்த வேண்டாம் அண்ணே, கூலி கொடுங்க

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு ஒரு போன். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஐம்பது வயது ஆள் ஒருவரைக் காரில் ஏற்றிப் போய், முடி வெட்டி, குளிக்க வைத்து, புது வேட்டி கட்டிவிட்டிருக்கிறார். "இனிமே கையேந்தக் கூடாது. தோப்பைப் பாத்துக்க, மூணு வேளை சோறு. குடியை மட்டும் இன்னையோட விட்டுரணும்" என்றும் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டாயிற்று. ஊரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறது.

முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் இரவெல்லாம் தூக்கமில்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூரான் ஊர்கிறது என்று கத்த ஆரம்பித்துவிட்டார். வீட்டில் இருந்தவர்கள் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். அவர் உடுக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் எனக்கு போன்.

"108-க்கு அடிச்சீங்களா?"

"இல்லைங்க மேடம், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

ஆள் பிழைத்துக்கொண்டார். இந்த வருடம் எனக்கு வந்த இதே மாதிரி போன்களில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் வீடற்றவர்களுக்கான தங்குமிடம் ஒன்றில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். தெருவில் இருந்து வருகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் குடி விஷயம். வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிரே போகலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாளுக்குள்தான் நிலைமை மோசமாகும். நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு. இதற்கு மன உறுதி போதாது, மருத்துவமனை வேண்டும். நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். (பக்கத்துத் தெரு கிளினிக்கில் "குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏத்திருங்க" என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு: பி1 போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். கேட்டு வாங்காதீர்கள்.) தோப்பில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. தோப்பில் இருந்து ஆம்புலன்ஸில் வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். "சோம்பேறிங்க மேடம், உழைக்க மனசில்ல, ஒரு வேலை கொடுத்தா எல்லாம் சரியாயிரும்." இதைச் சொல்லாத கொடையாளர் கிடையாது. அரிசி மூட்டையோடு வருகிறவரும் சொல்கிறார், பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவரும் சொல்கிறார்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். நடை திறப்பதற்கு முன்னாலேயே இடம் பிடிக்க வேண்டும். பிந்தினால் இடம் போச்சு, சண்டை போட்டால் அடி விழும். சித்திரை மாத வெயிலில் கருங்கல் சுடும். சிம்மக்கல்லில் ஒரு வேளை அன்னதானம், கோரிப்பாளையம் தர்கா பக்கம் ஒரு வேளை, வியாழக்கிழமை ஒரு இடம், வெள்ளிக்கிழமை வேறொரு இடம். இந்தக் கணக்கெல்லாம் தலையில் இருக்க வேண்டும். யாராவது விரட்டினால் எழுந்து ஓட வேண்டும், காலில் புண்ணோடு. இரவில் சுருட்டி வைத்த காசை யாராவது பிடுங்கிக்கொண்டு போவார்கள், காலையில் மறுபடி முதலில் இருந்து. சோம்பேறியால் இரண்டு நாள் தாங்க முடியாது. சோம்பேறிகளை எனக்குத் தெரியும், எங்கள் சொந்தக்காரர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வீடு இருக்கிறது, சோறு போட ஒரு அம்மாவோ மனைவியோ இருக்கிறார்கள். அந்த வீடும் அந்த ஆளும் இல்லாமல் போனவர்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மதுரையில் யாசகம் செய்து வந்த ஒரு முதியவர், சேர்ந்த காசில் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொண்டுபோய் நிவாரண நிதிக்கென்று ஆட்சியரிடம் கொடுத்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. செய்தித்தாளில் எல்லாரும் படித்தோம், ஆச்சரியப்பட்டோம். மறுநாளே பழையபடி "சோம்பேறிங்க" என்று ஆரம்பித்துவிட்டோம்.

சட்டமும் ரொம்ப நாள் நம்மை மாதிரியேதான் யோசித்தது. பிச்சை எடுப்பதைத் தடுக்க இங்கே 1945-லேயே சட்டம் போட்டார்கள். டெல்லியில் 2018-ல் உயர் நீதிமன்றம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகள் செல்லாது என்றது. 2021-ல் உச்ச நீதிமன்றத்துக்கும் தெருவில் பிச்சை எடுப்பதைத் தடை செய்யச் சொல்லி ஒரு மனு வந்தது. வேறு வழி இல்லாமல் கையேந்துகிறவர்களை மேட்டுக்குடிப் பார்வையில் பார்க்க முடியாது என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். நீதிமன்றத்துக்குப் புரிந்தது நம் தெரு வாட்ஸப் குழுவுக்கு எப்போது புரியுமோ.

வேலை கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அன்பும் வேலையும் ஆளை மாற்றும், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஆக வேண்டியவை இருக்கின்றன. புண் ஆற வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காதில் குரல் கேட்கிறவருக்கு மாத்திரை தொடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பயமில்லாமல் பத்து நாள் தூங்க வேண்டும். அதற்கு முன்னால் கையில் மண்வெட்டியைத் திணித்தால் ஓடத்தான் செய்வார். உடனே நீங்களும் "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்பீர்கள்.

வேலையையும் ஆளைப் பார்த்துக் கொடுங்கள். பழைய தொழுநோயாளி ஒருவரை ஒரு டீக்கடையில் பாலடுப்புப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கூட்டுமருந்து முழுசாகச் சாப்பிட்டு நோய் எப்போதோ குணமாகிவிட்டது, யாருக்கும் தொற்றாது. ஆனால் செத்துப்போன நரம்பு திரும்பாது. சூடு தெரியாத கை. ஒரே வாரத்தில் இரண்டு உள்ளங்கையும் வெந்து எங்களிடமே திரும்பி வந்தார். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களைக் கேட்டிருக்கலாம்.

அப்புறம் கூலி. இதில்தான் நல்லவர்களும் சறுக்குகிறார்கள். "சோறு போடுறேன், படுக்க இடம் இருக்கு, காசு கையில கொடுத்தா குடிச்சிருவான், நானே சேத்து வைக்கிறேன்." சேர்த்து வைத்தது எங்கே, எந்த வங்கியில், யார் பெயரில்? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. நீங்கள் புண்ணியம் என்று நினைத்துச் செய்வதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் இல்லை, கணக்குத் தொடங்க முடியாது என்பதும் சாக்குதான். அங்கீகாரம் உள்ள காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றை வைத்தே ஆதாருக்குப் பதியலாம். சில பேருக்குப் பதியும்போதுதான், ஏற்கெனவே ஒரு ஆதார் இருப்பதும், அதன் வழியாக ஊரும் பேரும் தெரியவரும்.

நம் ஊர்ப் பிட்டுக் கதையை நினைத்துப் பாருங்கள். ஆவணி மூலத்துக்கு வருடா வருடம் பிட்டுத்தோப்புக்குப் போகிறோமே. வைகைக் கரையை அடைக்க வந்த கூலியாள் சொக்கநாதரேதான். அவரே உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பிட்டு விற்ற வந்திக் கிழவியிடம் பேசி முடித்துவிட்டுத்தான் கூடையைத் தொட்டார். போன இடத்தில் ஒழுங்காகவா வேலை செய்தார்? ஆடினார், பாடினார், தூங்கினார். பாண்டியன் பிரம்பால் ஒரு அடி போட்டான், அது ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. முதல் வாரத்தில் வேலைக்கு நடுவே தூங்குகிற ஆள் மேல் கத்தப் போகிறீர்கள் என்றால், இந்தக் கதையை ஒரு தடவை நினைத்துக்கொண்டு கத்துங்கள்.

இன்னும் சில. படம் பிடிக்காதீர்கள், அந்த வீடியோவை அவருடைய மகளும் பார்ப்பாள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் வேளையே பிரியாணி வாங்கிக் கொடுக்காதீர்கள். எலும்பும் தோலுமாக இருப்பவரின் உடம்பு அதைத் தாங்காமல் இதயம் வரைக்கும் சிக்கல் போகும். கஞ்சி கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையைப் பிச்சை எடுக்க விட்டிருந்தால் காசும் போடாதீர்கள், பிஸ்கட்டும் வேண்டாம், 1098-க்கு அடியுங்கள். பிள்ளையை வைத்துப் பிச்சை எடுக்க வைக்கிறவருக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. தனக்குத்தானே பேசிக்கொண்டு, கிழிந்த துணியோடு அலைகிறவரை நீங்களாகவே காரில் ஏற்றாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2017 மனநலச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பாகக் கூட்டிப் போய் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது அவர்கள் கடமை. ஏட்டய்யா "எங்களுக்கு வேற வேலை இல்லையா" என்றால், சட்டம் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நான் சொல்லித்தான் பல தடவை நடந்திருக்கிறது. முதியவர் என்றால் 14567. தயவுசெய்து இந்த எண்களைப் போனில் போட்டு வையுங்கள்.

கிழக்குச் சித்திரை வீதியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களிடம் வந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். மருமகளோடு சண்டை, வீட்டை விட்டு வந்தாயிற்று. இரண்டு கண்ணிலும் புரை. அவரிடமும் எத்தனையோ பேர் "ஏதாச்சும் வேலை பாத்துப் பிழைக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுத்தான் காசு போட்டிருக்கிறார்கள். கண் தெரியாதது யாருக்கும் தெரியவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்தார்கள். 1976-ல் பதினோரு படுக்கையோடு நம் ஊரில் ஆரம்பித்த இடம், இது மாதிரி எத்தனை கண்ணைத் திறந்துவிட்டிருக்கும். கட்டுப் பிரித்து நாலு நாளில் அந்த அம்மா எங்கள் சமையற்காரரிடம் "கீரையில மண்ணு கிடக்கு" என்று சண்டை போட்டார். அன்றைக்கே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சின்ன வயதில் பூக்கட்டியவராம். கடைத்தெருவில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் சேர்த்துவிட்டோம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. முதல் மூன்று மாதம் வெள்ளிக்கிழமையானால் ஆளைக் காணோம். பழைய இடத்தில் போய் உட்கார்ந்திருந்தார். பூக்கடை அக்காவுக்குக் கோபம். நான் விடச் சொன்னேன். பக்கத்தில் உட்காரும் கிழவிதான் எட்டு வருடமாக இவருக்கு இருந்த ஒரே துணை. அதை விட்டு வா என்று எந்த வாயால் சொல்வது? கொஞ்ச நாளில் தானாகவே குறைந்தது. இப்போது போனாலும் நிற்பதோடு சரி, கையேந்துவதில்லை.

நேற்று அந்த அக்கா போன் செய்தார், ரொம்பச் சூடாக.

"மேடம், நீங்க கொண்டாந்து விட்ட பாட்டி ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு. கூலி பத்தாதாம். அடுத்த கடையில கூடக் கொடுக்குறாங்களாம்."

"எவ்வளவு கேக்குறாங்க?"

"கிலோவுக்குப் பத்து ரூபா கூட."

"அடுத்த கடையில நிஜமாவே கூடத்தான் கொடுக்குறாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமா" என்றார்.

"அப்ப கொடுத்துருங்கக்கா."